வாத்தியாருக்கு ஒரு பரீட்சை

பதினேழாவது கேள்வியில் கணக்கு வாத்தியாரின் பேனா நின்றுவிட்டது. 'ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. சரியா, தவறா?' நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை மேசையில் விழுந்தது.

தேர்வு அறையில் அவரைத் தவிர இருந்தது கண்காணிப்பாளர் அம்மா மட்டும்தான். பாவப்பட்டு மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நாலாங்கிளாஸ் பேப்பர்தானே சார், இதுக்கா இப்படி முழிக்கிறீங்க?"

"இருபத்திரண்டு வருஷப் பழக்கம்மா. கை சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

பல்லைக் கடித்துக்கொண்டு 'தவறு' என்ற கட்டத்தைக் கறுப்பாக்கினார்.

வேண்டுமென்றேதான். வருடத்துக்கு ஏழு அரசுத் தேர்வு வைத்தால் பிள்ளைகள் எப்போதுதான் பாடம் படிப்பது என்று பெற்றோர்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட, கல்வித் துறை ஒரு படி இறங்கி வந்திருந்தது. குலுக்கலில் வரும் வாத்தியார் தேர்வை எழுத வேண்டும்; அவரே தேறாத தேர்வு அன்றோடு ரத்து.

கணக்குத் தேர்வுக்கு விழுந்த சீட்டு இவருடையது.

"பாஸாயிட்டு மட்டும் வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பிவைத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பஸ் டிக்கெட் எண்களை மனசுக்குள்ளேயே பெருக்கிச் சொல்லும் மகள், போன வருடம் இதே தேர்வில் நாற்பதுக்கு இரண்டு வாங்கியிருந்தாள். அன்றிலிருந்து 'தேர்வு' என்று யாராவது வாயைத் திறந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

நாற்பது கேள்விக்கும் தப்பாமல் தப்பான பதில். கடைசிக் கட்டத்தையும் நிரப்பி, பெற்ற பிள்ளையைக் கைவிடுபவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தாளை நீட்டினார்.

கண்காணிப்பாளர் தாளை வாங்கித் திருத்தும் மெஷினில் செருகினார். அது விழுங்கியது, செருமியது, துப்பியது.

"ஏன் சார், என்னை ஏமாத்தத்தானே இவ்வளவு நேரம் வேர்த்துக் கொட்டினீங்க? நாற்பதுக்கு நாற்பது."

வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "இன்னொரு தடவை பாரும்மா. சதுரத்துக்கு நாலு பக்கம்ங்கிறதுக்கு நான் தவறுன்னு போட்டிருக்கேன்."

கண்காணிப்பாளர் துறையிலிருந்து வந்த விடைப் பட்டியலைப் பிரித்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தார்.

"இதுலயும் தவறுன்னுதான் சார் இருக்கு."