வெயில் தேர்வு

கோடையில் கிரீஸ் கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் இப்போதெல்லாம் சூட்டறையில் ஒரு மணி நேரம் தாங்கும் வெயில் தேர்வில் தேற வேண்டும். ஆறு மாதமாகப் பயணத் திட்டம் போட்ட ஏகாம்பரம், வேலூர் மையத்துச் சூட்டறையில் இருபதே நிமிடத்தில் மயங்கி விழுந்தார். மகள் அதற்கு முன்பே வெளியே ஓடி வந்துவிட்டாள். மெஸ் அடுப்படியில் பதினெட்டு வருஷம் நின்ற அவர் மனைவி குணவதி மட்டும் ஒரு மணி நேரத்தையும் முடித்துவிட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்தபடி, "அவ்வளவுதானா?" என்றாள்.

அனுமதி அவள் ஒருத்திக்குத்தான் கிடைத்தது.

"தனியா எப்படிப் போவே?" என்றார் ஏகாம்பரம்.

குணவதி அவருடைய திட்டத் தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே 'புளியோதரை கட்டுவது' என்று மட்டும் எழுதியிருந்தது. பேனாவை எடுத்து அதை அடித்தாள்.

"பத்து நாளைக்கு எனக்கு வேற யாராவது பரிமாறட்டுங்க."