அந்தரத்தில் நின்ற பந்து

“விளையாட ரெடிமேடா எத்தனையோ கம்ப்யூட்டர் கேம் கிடக்கு. நீ எதுக்குய்யா சொந்தமா ஒண்ணு பண்றே?” என்று அலுவலகச் சாப்பாட்டு மேசையில் அவன் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார் சீனியர்.

“எதுவும் எனக்குச் சரிப்பட்டு வரலை சார்.”

சீனியர் விளையாடிப் பார்த்தார். மேலிருந்து விழுந்த பந்து, மட்டைக்கு அருகே வந்ததும் அந்தரத்தில் நின்றுவிட்டது. பட்டனைத் தட்டிய பிறகுதான் எகிறியது.

“அடப்பாவி, தொங்குதே! கேம்னா யாருக்காகவும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கணும். இதுதான்யா பாலபாடம். மூணு மாசமா இதைத்தான் கிழிச்சியா?”

“வேணும்னேதான் சார் அப்படி வெச்சேன்.”

“சின்னக் குழந்தைகூடக் கொட்டாவி விடும்!”

அவன் சிரித்து மழுப்பினான்.

சாயங்காலம், கட்டிலில் சாய்ந்திருந்த மனைவியின் வலது கையை எடுத்துப் பட்டன்மேல் வைத்தான். பக்கவாதம் வந்து நான்கு மாதமாகிறது. மற்ற கேம்களில் அவள் விரல் அசையுமுன்பே ஆட்டம் முடிந்துவிடும்.

பந்து இறங்கி வந்தது. விரல் நடுங்கியது, அழுத்த வரவில்லை. ஒரு நிமிடம் போயிற்று.

“இதுலயும் தோத்துட்டேனாங்க?”

“இல்லையே. பந்து நிக்குது பாரு.”

“எவ்வளவு நேரம் நிக்கும்?”

“நீ தட்டுற வரைக்கும்.”