மறு கன்னம்

பிலோமி என்ற இளம் பெண்கொசுவுக்கு வயிற்றில் முட்டை, நெஞ்சில் பயம். இன்றைக்கு இரத்தம் குடிக்காவிட்டால் முட்டைகள் தேறாது.

"அடி அசடே, சிஸ்டர்மார் நடத்துற யுனிவர்சிட்டிக்குப் போ" என்றாள் தோழி செசிலி. "அங்க படிக்கிற பொண்ணுங்க எல்லாம் பணக்கார வீட்டுப் பூனைக்குட்டிங்க. கை ஓங்கவே தெரியாது. ஒரு கன்னத்துல கடிச்சா மறு கன்னத்தைக் காட்டுவாங்கடி!"

மாலை ஜெபத்தில் கண்மூடி நின்ற மாணவி ஜெனிட்டாவின் கன்னத்தில் பிலோமி உட்கார்ந்தாள். ஊசியை இறக்குவதற்குள் பின்வரிசைக்காரி கிசுகிசுத்தாள்: "அசையாதடி, கொசு!"

பளார்!

பிலோமி தப்பிவிட்டாள். ஜெனிட்டா தப்பவில்லை. மறு கன்னத்தையா காட்டினாள்? "எருமை மாடே!" என்று திரும்பி, ஜெபப் புத்தகத்தாலேயே ஒன்று வைத்தாள். 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் பாதியில் 'களுக்'கென்று உடைந்து, வரிசை வரிசையாய்ச் சிரிப்பு பற்றிக்கொண்டது.

"அடிப்பாவி செசிலி!" என்று அலறிப் பறந்த பிலோமி, போயும் போயும் சிஸ்டர் பெர்னடெட்டின் மூக்கில் விழுந்தாள். செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. மெல்ல ஒரு கண்ணைத் திறந்தாள். சிரிப்பு வெடித்துவிடக் கூடாதே என்று சிஸ்டர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

பிலோமி வயிறு முட்டக் குடித்தாள்.