தையலுக்கு ஒன்று

சர்ர்ர்... டக்.

விளக்கு வைத்து ஒரு மணி நேரம் இருக்கும். வாசல் கதவுக்கு வெளியே அந்தச் சத்தம். தகரத்தை இழுத்து விடுவதுபோல.

சர்ர்ர்... டக்.

குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு எழுந்தேன். என் வீட்டுக்காரர் பிரவீனுக்கு ஓசூரில் நைட் ஷிஃப்ட். கதவின் தாழ்ப்பாளோ மூன்று மாதமாக விழுவதில்லை. தையல் மிஷினை இழுத்து முட்டுக் கொடுத்துத்தான் படுப்பேன்.

“யாரது?”

“நான்தாங்க ஆக்சிலியா மேடம், மாது.”

மிஷினை இழுத்துக் கதவோடு முட்டுக் கொடுத்தேன்.

மாது, சுகுணா அக்காவின் தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன வாரம்வரை.

நான் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பேட்டர்ன் போட்டு ஃபைல் அனுப்புவேன். அவர் அதைப் பிரின்ட் எடுத்துத் துணி வெட்டுவார். பள்ளிக்கூட யூனிஃபார்ம், எண்பது சட்டை. தையலுக்காக ஓரத்தில் ஒரு இஞ்ச் விடவேண்டிய இடத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிட்டார். தைத்தவர்கள் வழக்கம்போல ஒரு இஞ்ச் பிடித்துத் தைத்தார்கள். ஒரு பிள்ளைக்கும் பட்டன் போட முடியவில்லை.

“திருப்பூர்ல இருந்த ஆளுன்னு வேலை குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!” சுகுணா அக்கா போட்ட சத்தம் மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுவரை கேட்டிருக்கும். “ஆக்சிலியா ஃபைல்ல ‘இஞ்ச்’னு கொட்டை எழுத்துல போட்டிருக்கா. கண்ணு எங்க இருந்துச்சு? நாளையில இருந்து வராத!”

அன்று நானும் கம்பெனிக்குப் போயிருந்தேன். மாது என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். இப்போது வாசலில் நிற்கிறார்.

“காலையில வாங்க. அவரு தூங்கறாரு.”

“அவரு சாயங்காலம் ஓசூர் பஸ் ஏறுனதைப் பார்த்தனே.”

போனில் பிரவீன் நம்பரைத் தேடினேன்.

சர்ர்ர்... டக்.

“என்ன பண்றீங்க அங்க?”

“கதவை அளக்கறங்க. மேல் கீல் லூசாகி, கதவு எறங்கிப்போச்சு. அதான் தாழ்ப்பா விழல. அன்னைக்கு சாம்பிள் வாங்க வந்தப்பவே பார்த்தேன்.”

“பெல் அடிக்க வேண்டியதுதானே?”

“‘குழந்தை தூங்குகிறது, பெல் அடிக்காதீர்கள்’னு ஒட்டியிருக்கீங்களே. எழுதியிருக்கறதை நான் படிப்பேங்க.”

ஜன்னல் வழியே பார்த்தேன். போன் வெளிச்சத்தில் இரும்பு டேப், ஸ்க்ரூ டிரைவர். சட்டையெல்லாம் தக்காளிக் கறை. மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி, அதான் கிரேடு, தூக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

மிஷினை நகர்த்திக் கதவைத் திறந்தேன். பழைய ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, பாக்கெட்டிலிருந்து நீளமானவற்றை எடுத்து முடுக்கினார்.

“எவ்வளவு இறங்கியிருந்துச்சு?” ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

“அரைங்க.” திரும்பிப் பார்த்தார். “அரை இஞ்ச். சொல்லிடறது நல்லது பாருங்க.”

அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன்.

தண்ணீர் வாங்கிக் குடித்தார். செருப்பை மாட்டும்போதுதான் சொன்னார்.

“நீங்க எனக்கு அனுப்புன ஃபைலு என் போன்லயே இருக்குதுங்க. ‘தையலுக்கு 1’. அவ்வளவுதான் போட்டிருக்கு. நான் வேலை பழகுன எடத்துல ஒண்ணுன்னா சென்டிமீட்டருங்க.”

“அதை ஏன் அக்காகிட்ட காட்டல?”

“நானும் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும், கேக்கல. யாருக்காவது ஒருத்தருக்கு வேலை போயே தீரும்னு ஆச்சு. நான் கிரேடு தூக்கிப் பொழைச்சுக்குவேன். நீங்க கைக்கொழந்தையைத் தூக்கிக்கிட்டு எங்க போவீங்க?”

வண்டியை வாசலில் ஸ்டார்ட் செய்யவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார்.

“தாழ்ப்பா போட்டுப் பாருங்க. நான் வர்றேன்.”

போடவில்லை. தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கான்வென்ட் தையல் வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து எனக்கு ஒன்று என்றால் இஞ்ச்தான். அதைத் தனியாக எழுத வேண்டும் என்றே தோன்றியதில்லை. அதையாவது மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். சட்டைகள் திரும்பி வந்த அன்று, “அந்த ஃபைலை எனக்கு அனுப்பு, பார்க்கறேன்” என்று சுகுணா அக்கா கேட்டதும், அவசர அவசரமாக ‘இஞ்ச்’ என்று சேர்த்துவிட்டு அனுப்பினேனே, அதை என்னவென்று சொல்வது?

போனை எடுத்தேன்.

“அக்கா... மாதுண்ணாவுக்குப் போன ஃபைல்ல இஞ்ச்னு இல்லக்கா. உங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நான்தான் சேர்த்தேன்.”

“நீ இனிமே ஃபைல் அனுப்ப வேணாம்” என்றார் அக்கா. “மாதுவை நாளைக்கு வரச் சொல்லு.”

எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தள்ளினேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, விழுந்தது.