திருஷ்டி பொம்மையின் காவல்

வீட்டு முகப்பில் ஒரு திருஷ்டி பொம்மை தெருவைப் பார்த்துத் தொங்கியது. உருட்டிய விழி, கோரைப்பல், நீட்டிய நாக்கு எல்லாம் இருந்தும், ஆறு வருஷமாக அதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை.

ஒருநாள் கொண்டைக்குருவி ஒன்று, பொம்மைக்குப் பின்னால் தொங்கிய பூந்தொட்டியில் கூடு கட்டியது.

"என்னைப் பார்த்து உனக்குப் பயமில்லையா?" என்று பொம்மை கேட்டது.

"உங்க பின்பக்கத்தைப் பார்த்துட்டேன், வெறும் அட்டை. ஆனா காக்கை தெருப் பக்கமிருந்துதானே வரும்" என்றது குருவி.

அப்படியே ஆனது. காக்கை தினமும் வந்தது, பொம்மையைப் பார்த்தது, திரும்பிப் போனது. பொம்மைக்கு வேலையில் ஒரு பிடிப்பு வந்தது.

கூட்டில் மூன்று முட்டைகள். வீட்டுக்கார வசுமதி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர்கள் முகப்புக்குள் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

போனதும் அவளுக்குக் கவலை வந்துவிட்டது. "அத்தனை பேர் கண்ணும் கூட்டு மேலதான். அவங்க உள்ளே நின்னு பாக்கறாங்க, இது தெருவைப் பாத்துக்கிட்டிருக்கு!"

ஸ்டூல் போட்டு ஏறி, பொம்மையைக் கூட்டைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள்.

"இன்னிக்கு நீ எங்கேயும் போகாதே" என்றது பொம்மை குருவியிடம்.

"பசிக்குதே. ரெண்டே நிமிஷம்" என்று குருவி பறந்தது.

காக்கை வந்தது. அட்டையைப் பார்த்தது. "அட, இவ்வளவுதானா?" என்றபடி உள்ளே போனது.

அது மூன்றாவது முட்டையையும் தின்று முடிக்கும்வரை, பொம்மையால் கண்ணை மூட முடியவில்லை.