முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து

மனுவை அனுப்பியதற்கான சீட்டு பர்ஸில் இல்லை. தையல்காரி பர்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஊசிப் பொட்டலமும் நாலைந்து பட்டன்களும் தபாலாபீஸ் மேஜையில் உருண்டன, சீட்டை மட்டும் காணோம்.

"பதறாம தேடுங்கம்மா," என்றார் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி. "மனு ஃபைல்ல இருக்கு. அது வந்த கவரைத்தான் காணோம். கடைசித் தேதிக்குள்ள அனுப்பினீங்கன்னு அத்தாட்சி இல்லேன்னா நான் அதை எடுத்துக்க முடியாது."

இந்தத் தபாலாபீஸ் இங்கேயே இருக்கட்டுமா, டவுன் ஆபீஸோடு சேர்த்துவிடலாமா என்பதை ஜனங்களே எழுதித் தெரிவிக்கலாம் என்று ஒரு மாதத் தவணை கொடுத்திருந்தார்கள். இன்று விசாரணை. தெருவே வாசலில் கூடி நின்று, பேச அவளை உள்ளே தள்ளிவிட்டிருந்தது.

தள்ளாவிட்டாலும் வந்திருப்பாள். வீட்டில் புருஷன் படுத்த படுக்கை. மூச்சுத் திணறலுக்கான மருந்து மாதா மாதம் இந்தக் கவுண்டருக்குத்தான் பார்சலில் வரும். டவுனுக்குப் போய் வாங்குவதென்றால் அரை நாள். அரை நாள் தனியே விட்டால், திரும்பி வரும்போது அவர் இருப்பாரா என்பதே சந்தேகம்.

அதனால்தான் மிஷினை மூடிவைத்துவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். பதினோரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரியிடம்கூடப் போய் நின்றாள். முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்தது.

போன வாரம் போஸ்ட்மாஸ்டர்கூட கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார். "என்னம்மா, மனுவை இன்னும் போடலியா? நாளைக்குக் கடைசி நாளாச்சே!"

"நேத்தே அனுப்பியாச்சு சார்."

"நேத்தா?" என்று கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு மாதிரி பார்த்தார். மனுஷருக்கும் கவலை இருக்காதா, ஆபீஸை மூடினால் அவரை எந்தக் காட்டுக்கு மாற்றுவார்களோ என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போதும் அவர் அதிகாரிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாய் திறக்க அவருக்கு உரிமையில்லை.

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "இன்னொண்ணும் இருக்கும்மா. இங்கே ஒரு நாளைக்கு நாலு தபால் விழுந்தா பெரிசுன்னு கணக்கு சொல்லுது. ஜனங்க எட்டிப் பார்க்காத ஆபீஸுக்கு எதுக்கு வாடகை கொடுக்கணும்னு மேலே கேக்கறாங்க."

"யார் சார் அப்படிச் சொன்னது?" அவள் கவுண்டர் ஜன்னலைக் கைகாட்டினாள். "எங்க வீட்டு மூச்சே இந்த ஜன்னல் வழியாத்தான் வருது. ஒரு காகிதம் அனுப்பணும்னாலும் எங்களுக்கு இதை விட்டா வேற கதி ஏது? அவரைச் சாகக் குடுத்துட்டு நான் டவுன்ல க்யூவுல நிக்கணுமா? சொல்லுங்க சார்!"

வாசலில் எல்லோரும் "ஆமா, ஆமா" என்று கத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் குரல்தான் அதில் ஓங்கிக் கேட்டது.

அதிகாரி பேனாவை எடுத்துத் திறந்தார். "இத்தனை பேர் இந்த ஆபீஸை நம்பியிருக்கீங்கன்னு நானே சிபாரிசு எழுதறேன். அந்தச் சீட்டை மட்டும் காட்டிடுங்கம்மா."

தெய்வமே என்று நெஞ்சில் கை வைத்தவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை இழுத்தாள். அதன் நுனியில், தொலையக் கூடாதென்று நாலாக மடித்துக் குண்டூசி போட்டு அவளே குத்திவைத்திருந்த சீட்டு இருந்தது. சிரிப்பும் அழுகையுமாக அதைப் பிரித்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பாருங்க சார், தேதி, நேரம், எல்லாம் இருக்கு! ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பியிருக்கேன்!"

அதிகாரி படித்தார். அவளைப் பார்த்தார். மறுபடி படித்தார். திறந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, சீட்டைப் போஸ்ட்மாஸ்டர் பக்கம் நகர்த்தினார்.

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா... மனுவைக் கூரியர்லயா அனுப்பினே?"