முதல் கைதட்டல்

"மேடம், ஒரு சின்ன உதவி. அடுத்த பாட்டு முடிஞ்சதும் நீங்க கொஞ்சம் கை தட்டணும்."

பக்கத்து நாற்காலிப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். பட்டுப்புடவை, தலையில் மருக்கொழுந்து வைத்துக் கட்டிய மல்லிகை. பெங்களூரு கன்டோன்மென்ட்டின் அந்தப் பழைய இசை கிளப்புக்குச் சனிக்கிழமை சாயங்காலத்தில் யாரும் பட்டுடுத்தி வருவதில்லை. இடத்துக்குப் புதியவர் என்று மதலைமுத்துவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"நான் வனஜா. வைட்ஃபீல்ட்ல இருந்து வரேன். எதுக்கு சார் நான் தட்டணும்?"

"இங்க ஒரு வழக்கம் மேடம். புதுசா பாடறவங்க திரைக்குப் பின்னாடி நின்னுதான் பாடணும். பேரு சொல்ல மாட்டாங்க. பாட்டு பிடிச்சு யாராவது தட்டினாத்தான் திரை திறக்கும். இல்லைன்னா பின்வாசல் வழியா வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்."

"நீங்களே தட்டலாமே?"

"சொந்தக்காரங்க முதல் கை தட்டக் கூடாது. அதுதான் சிக்கலே. பாடப் போறது என் பொண்ணு சோஃபியா." மதலைமுத்து குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு தடவை பாடிட்டா. ரெண்டு தடவையும் திரை திறக்கலை. இன்னிக்கும் இல்லைன்னா இனிமே பாடவே மாட்டேன்னுட்டா. அம்மா இல்லாத பொண்ணு. அவ பாடலைன்னா எங்க வீட்ல சத்தமே இருக்காது மேடம்."

வனஜா மூடியிருந்த திரையைப் பார்த்தார். பிறகு, "கோபம் வருமா பொண்ணுக்கு?" என்று கேட்டார்.

இது என்ன கேள்வி என்று தோன்றினாலும் மதலைமுத்து சிரித்தார். "மூக்குக்கு மேல வரும். ஒரு டீ குடிக்கறதுக்குள்ள போயிடும்."

"கூட கிட்டார் வாசிக்கறது யாரு?"

"ஹரிஷ்குமார்னு ஒரு பையன். இவ ஆபீஸ்தான். தங்கமான பையன் மேடம். வீட்டுக்கு வந்தா குடிச்ச டம்ளரை அவனே கழுவி வெச்சிட்டுப் போவான். யாரு பெத்த பிள்ளையோ."

வனஜா குனிந்து புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டார்.

கிளப் செயலாளர் கோவிந்தப்பா திரைக் கயிற்றைப் பிடித்தபடி மேடையோரம் நின்றார். விளக்குகள் மங்கின. கிட்டார் தொடங்க, சோஃபியாவின் குரல் எழுந்தது.

அன்றைக்கு அவள் நன்றாகவே பாடினாள். வழக்கமாகத் தடுமாறும் மேல் ஸ்தாயியையும் தாண்டிவிட்டாள். மதலைமுத்து, தன்னையறியாமல் தட்டிவிடக் கூடாதே என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஓரக்கண்ணால் பார்த்தார். வனஜா அழுதுகொண்டிருந்தார். அப்பாடா, இவர் தட்டிவிடுவார்.

பாட்டு முடிந்தது. கூடத்தில் சத்தமில்லை. வனஜா கைகளை மடியில் இறுகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தட்டுங்க மேடம்."

அவர் மாட்டேன் என்று தலையசைத்தார்.

"கண்ணுல தண்ணி வருது, கை மட்டும் வராதா? உங்களுக்கும் பிள்ளைங்க இருப்பாங்க இல்ல?" என்று கேட்டார் மதலைமுத்து.

கோவிந்தப்பா கயிற்றை விடப்போன நேரத்தில் பின்வரிசையில் யாரோ தட்டினார்கள். தொடர்ந்து இன்னொருவர். பிறகு கூடம் முழுக்கத் தட்டியது. மதலைமுத்து கைகளை உருவிக்கொண்டு எழுந்து தட்டினார். அதன் பிறகுதான் வனஜாவும் எழுந்தார், எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

"இப்ப தட்டி என்ன பிரயோஜனம்?" என்றார் மதலைமுத்து, அவரைப் பார்க்காமலே.

திரை விலகியது. கிட்டாரோடு நின்ற ஹரிஷ்குமாரின் பக்கத்தில் சோஃபியா. அவள் கண்கள் அப்பாவைத் தேடின. பூவே வைக்காதவளின் தலையில் மருக்கொழுந்து வைத்துக் கட்டிய மல்லிகை.

மதலைமுத்து மெல்லத் திரும்பி வனஜாவின் தலையைப் பார்த்தார்.

"காலைலதான் ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டாங்க. எனக்கே நேத்துதான் தெரியும். உங்ககிட்ட சொல்ல பயந்துகிட்டு என்னை அனுப்பினாங்க," என்றார் வனஜா கண்களைத் துடைத்தபடி. "சொந்தக்காரங்க முதல் கை தட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, சம்பந்தி?"